எண்ணெய் படிந்த மண்ணும் வேரின் பணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணிற் புகுந்து, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கி, கிணற்று நீராக மீளுகின்றது. அந்நீரைத் துலாவால் இறைத்தே நம் முன்னோர் தோட்டஞ் செய்தனர். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும், சணல் விதைத்து உழுதும் மண்ணை வளம்படுத்தினர். ஆதலின் குடாநாட்டு வேளாண்மையின் வரலாறு மண்ணைப் பேணிய வரலாறேயாகும்.

அவ்வரலாற்றிலே துன்பமான ஓர் அத்தியாயம் சுன்னாகத்தில் எழுதப்பட்டது. அனல்மின் நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2015 சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் மின்நிலையத்தின் பணியை நிறுத்துமாறு பணித்தது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியைத் தழுவி, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. மக்களுக்கு நீதி கிடைத்தது. ஆயினும் நட்டஈடு மண்ணிற் படிந்த எண்ணெயை அகற்றுமோ?

இவ்விடத்தே தாவரங்களின் துணை நம் கருத்துக்கு உரியதாகின்றது. 1991ஆம் ஆண்டுப் போரிலே குவைத்தின் பாலைநிலம் எண்ணெயில் ஊறியது. அங்கு முளைத்த செடிகளின் வேர்களைச் சூழ்ந்து எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்வதை அந்நாட்டு ஆய்வாளர் கண்டு, 1995இல் வெளியிட்டனர். வேர் எண்ணெயைக் குடித்துவிடுவதில்லை. அது கசியவிடும் வெல்லம் முதலியவற்றை உண்டு பற்றீரியாக்கள் பெருகுகின்றன. வேர் துளைத்த வழியே ஒட்சிசன் மண்ணிற் புகுகின்றது. அதன் துணைகொண்டு அவை ஐதரோகாபன்களைச் சிதைத்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றுகின்றன. வெட்டிவேர் போன்ற ஆழ்வேர்ப் புல்லினங்கள் இப்பணிக்கு ஏற்றனவாகக் கருதப்படுகின்றன.

எண்ணெயிற் காபன் மிகுதி. நைதரசன் மிகக் குறைவு. ஆகவே அந்நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைக் கவர்ந்துகொள்ள, பயிர் வாடும். செயற்கை உரத்தை மிகுதியாக இட்டு அக்குறையை நிரப்பலாமெனின், நைத்திரேற்று கசிந்து கிணற்றையடையும். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் அது முன்னரே மிகுந்துள்ளது. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் நிலைப்படுத்தும் அவரையினப் பயிரே தக்க வழியாகும். நம் முன்னோர் பசளைக்காக விதைத்த சணல் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர்கள் எண்ணெய் மாசினை அறியார். எனினும் அவர்தம் வழக்கம் இன்றைய இடுக்கணுக்கும் உதவக்கூடியது.

எனினும் மிகைபடக் கூறுதல் தகாது. வேரின் ஆட்சி வேர் செல்லும் ஆழத்தளவே. பாறை வெடிப்பிலே நீரோடு கலந்த எண்ணெயை அது எட்டமாட்டாது. பாரமான எண்ணெய்க் கூறுகள் சிதைவதற்கு ஆண்டுகள் பல செல்லும். அதுவரை அந்நிலத்தில் உணவுப்பயிர் செய்யாதிருத்தலும், மண்ணையும் நீரையும் இடையிடையே சோதித்தலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, கசிவின் ஊற்று அடைக்கப்படல் வேண்டும். ஒருபுறம் எண்ணெயை ஊற்றி மறுபுறம் புல் நடுதல் வீண்முயற்சியே.

குடாநாட்டார் பலரும் அருந்துவது பாறை தாங்கும் நீரை. ஒருவர் நிலத்திற் சிந்தியது வேலியோடு நிற்பதில்லை. பழுதுற்ற மண்ணைத் திருத்தத் தாவரம் துணைசெய்யும். பழுதுறாமற் காக்கும் பொறுப்போ மக்களுடையது.