அசைவூட்டப் படங்களில் அறம்: மானும் பறவையும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் சிறார்க்கான அசைவூட்டப் படங்கள் பழங்கதைகளின் வழியே சமூக அறத்தைக் கற்பித்தன. எனினும், அவ்வறம் காலந்தோறும் ஒரே தன்மையதாக இல்லை.

1957இல் பிலிம்ஸ் டிவிஷன் உருவாக்கிய ‘தி பேனியன் டியர்’ புத்த ஜாதகக் கதையைத் தழுவியது. சினைமானுக்கு ஈடாகத் தன்னுயிர் தர முன்வரும் மான் தலைவனின் ஈகம், வேட்டையாடும் அரசனின் மனத்தை மாற்றுகின்றது. ஈண்டுத் தலைமையின் அருளே எளியோர்க்குக் காப்பு.

1974இல் விஜயா மூளே உருவாக்கிய ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’, பஞ்சதந்திர மரபின் வேடன் வலைக் கதையைக் கையாள்கின்றது. பறவைகள் ஒன்றுகூடி வலையொடு பறக்கின்றன. எலிகள் வலையை அறுக்கின்றன. ஆள்வோர் இரக்கத்திற்கு இதில் இடமில்லை. கூட்டு முயற்சியே விடுதலை தருகின்றது. இதனைத் தம்பிக்கு உணர்த்துபவள் தமக்கை என்பதும் நோக்கத்தக்கது.

தூர்தர்ஷன் வழி இப்படம் பரவலாக அறிமுகமாயிற்று. ஆயின், மொழி பலவாயினும் மக்கள் ஒருவரே என்னும் கருத்தை அதன் மூலப் பாடலில் சுமந்தது இந்தி ஒன்றே. இம்முரணுக்குக் கதையே விடை பகர்கின்றது: வலையைத் தூக்க ஓரினத்தின் சிறகுகள் போதுமாயின; அதனை அறுக்க வேற்றினத்தின் பற்கள் வேண்டியிருந்தன. வேறுபாட்டைப் பேணும் ஒற்றுமையே நிலைக்கும் என்பது இதனால் பெறப்படும்.