கருவியிழந்த நாடாக்கள்: யப்பானிய ஒளிப்பதிவுச் சேகரிப்பும் வெருகற் பிரதேசமும்

மகாவலியின் கிளையொன்று வெருகலாறு எனப் பெயர்பெற்றுக் கடலொடு கலக்குமிடம் திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையாகும். அங்குள்ள கோயில்மீது தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய சித்திரவேலாயுதர் காதல் ஏட்டுச்சுவடி வழியாகவே பிற்காலத்தாரை வந்தடைந்தது. ஏடு செல்லரிக்கும், நைந்து முறியும். எனினும் அதனைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும்; படிக்க வல்லவன் பெரும்பாலும் பிரதிபண்ணவும் வல்லவனாயிருந்தான். கடந்த நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அதே பிரதேசத்துட் புகுந்த ஒளிநாடா இதற்கு நேர்மாறான இயல்பினது. கருவி இன்றேல் அது வெறுங் கறுத்த பட்டியேயாம். அக்கருவியை ஆக்கியோர் யப்பானியர். அதன் உற்பத்தியை நிறுத்தியோரும் அவரே. ஆகலின் எமது கிராமங்களின் ஒளிப்பதிவுகளுக்கு நேர்ந்ததை அறியப்புகுவோர் முதற்கண் யப்பானை நோக்கவேண்டியவராகின்றனர்.

சோனி நிறுவனம் 1975இல் பெற்றாமாக்ஸ் முறையையும், யப்பான் விக்ரர் நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையையும் சந்தைக்குக் கொணர்ந்தன. ஒன்றின் நாடா மற்றதன் கருவியில் ஓடாது. நுகர்வோன் நலன் கருதியா இரு முறைகள் எழுந்தன? முதலாளித்துவப் போட்டியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையே உலகாளவேண்டுமென விழைந்தமையின் விளைவே அது. பயனியர் நிறுவனம் 1981இல் லேசர் தட்டை யப்பானியச் சந்தையிற் புகுத்தியது. 1983இல் விக்ரர் நிறுவனம் வி.எச்.டி. என்னும் பிறிதொரு தட்டையும் வெளியிட்டது. உறையுட் பொதிந்து வைக்கப்பட்ட அத்தட்டை ஊசிமுனை தொட்டுப் படித்தமையால், ஓடுந்தோறும் அது தேயும் இயல்பினதாயிற்று. யப்பானுக்கு வெளியே அதற்குப் பொதுச்சந்தை ஏற்படவேயில்லை.

அக்காலத்தில் யப்பானிலே திரைப்பட நாடாவொன்றின் விலை பதினாயிரம் யென்னைத் தாண்டுதல் சாதாரணம். எனவே பெரும்பாலான மக்கள் வாடகைக் கடைகளையே நாடினர். அக்கடைகளின் தேவையை நோக்கித் திரையரங்கையோ தொலைக்காட்சியையோ காணாத படங்கள் நேரடியாக நாடாவிலே வெளிவரலாயின. 1983 டிசெம்பரில் வெளிவந்த 'டல்லோஸ்' உயிரூட்டப்படத் துறையில் அவ்வகைக்கு முன்னோடி. பின்னர் குறுந்தட்டு வந்தபோது விற்பனை வாய்ப்புள்ளவை மாத்திரமே அதற்கு மாற்றப்பட்டன. ஏனையவை பழைய முறைகளிலேயே தங்கின. இன்று வி.எச்.டி. தட்டையும் பெற்றா நாடாவையும் தேடித்திரியும் சேகரிப்பாளர் இவ்வெச்சத்தையே தேடுகின்றனர். அவர்களைப் பழம்பொருட் பித்தரென ஒதுக்கிவிடுதல் எளிது. பித்தும் ஓரளவு உண்டுதான். ஆனால் நிறுவனங்கள் கைவிட்டதைத் தனியார் காத்தமைக்கு யப்பானிலேயே மறுக்கவியலாத சான்றுண்டு.

யப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே. தன் தொடக்ககால நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதியைப் பேணவில்லை. அகன்ற நாடாக்கள் விலைமிக்கனவாதலால் ஒளிபரப்பு முடிந்ததும் அவை அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டன. பிற்காலத்தில் அக்கழகமே பொதுமக்களிடம் கையேந்தியது. வீடுகளிற் பதிவான நாடாக்களைத் தருமாறு வேண்டியது. 1979இல் ஓராண்டுகாலம் ஒளிபரப்பான 'குசா மொயெரு' என்னும் வரலாற்றுத் தொடர்நாடகம் பார்வையாளர் பேணிய வீட்டுப்பதிவுகளின் துணைகொண்டே மீட்கப்பட்டது. அரும்பொருட் சந்தையில் விலைபோகாத அந்நாடாக்களே தேசியச் சுவடிக்கூடத்தின் குறையை நிரப்பின என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு இக்கருவிகள் வந்த வழி வேறு. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கதவைத் திறந்தது; மத்திய கிழக்கிற்குத் தொழில்தேடிச் சென்றோர் திரும்புகையில் 'டெக்'கும் தொலைக்காட்சிப் பெட்டியும் கொணர்ந்தனர். 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாகினி நிலையமே யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்ததாகும். மின்சாரம் எட்டாத கிழக்கிலங்கைக் கிராமங்களில் டெக்கையும் மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கெடுத்து விடியும்வரை படம் காட்டும் வழக்கம் பரவியது. விரைவிலே திருமணம், பூப்புனித நீராட்டு, கோயிற்றிருவிழா, மரணச்சடங்கு ஆகியனவும் நாடாவிலேறின. எழுத்திலே தம்மைப் பதிவுசெய்யும் வாய்ப்பற்றிருந்த விவசாயியும் மீனவனும் தம் முகத்தோடும் குரலோடும் முதன்முதலாகப் பதிவானது இங்கேதான்.

1983 யூலை வன்செயலில் எந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டபோது திரைப்பட மூலப்பிரதிகள் பல அழிந்தமை பலரும் அறிந்ததே. கிராமத்து நாடாக்களின் அழிவுக்கோ அத்தகைய ஒற்றை நாள் இல்லை. வெருகற் பிரதேசம் 1990இன் பின்னர் இடப்பெயர்வைக் கண்டது. 2004 ஏப்பிரலில் விடுதலைப் புலிகளின் இரு பிரிவினர் அவ்வாற்றங்கரையிலேயே பொருதினர். அவ்வாண்டு டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2006இல் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பிற்கும் பெயர்ந்தனர். உயிரைக் கையிற்பிடித்து ஓடுவோர் நாடாவைச் சுமப்பரோ? சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சித் தாமே எரித்தோரும் புதைத்தோரும் உண்டு. நாடாவினுள் இருப்பது கலியாணமா இயக்கத்தின் பதிவா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்லவியலாதன்றோ! எஞ்சியவற்றைக் கடற்காற்றின் ஈரமும் பூஞ்சணமும் தின்கின்றன.

ஆயினும் ஒரு வாயில் இன்னமும் உண்டு. புலம்பெயர்ந்த உறவினருக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பெட்டிகளுட் கிடக்கக்கூடும். இங்கே ஒரு தொழினுட்பச் சிக்கலையும் சுட்டவேண்டும். யப்பானும் கனடாவும் என்.ரி.எஸ்.சி. முறையைக் கைக்கொள்ள, இலங்கையும் பிரித்தானியாவும் பால் முறையைக் கைக்கொண்டன. கனடாவுக்கென மாற்றி அனுப்பப்பட்ட நாடா, பால் முறைக்கு மட்டுமே அமைந்த டெக்கில் ஒழுங்கான படத்தைத் தராது. ஆகவே நாடாவைத் திரட்டுவோர் இருமுறைக்கும் ஏற்ற கருவி, மாற்று வார், படிக்குந் தலை ஆகியவற்றையும் திரட்டல் வேண்டும். யப்பானியச் சேகரிப்பாளர் பழுதான கருவிகளையும் உதிரிப்பாகங்களுக்காக வாங்கிவைப்பதன் காரணம் இதுவே. லேசர் தட்டுக் கருவியின் உற்பத்தி 2009இலும், பெற்றா நாடா விற்பனை 2016 மார்ச்சிலும் ஓய்ந்தன. வி.எச்.எஸ். கருவியை இறுதிவரை செய்துவந்த பூனாய் நிறுவனம் 2016 யூலையில் அதனை நிறுத்தியது.

2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சு நூல்களை எண்ணிம வடிவிற் பேணிவருதல் பெரும்பணி. ஒளிநாடாவுக்கு அவ்வளவு கவனம் இன்னும் வாய்க்கவில்லை. எதை முதலிற் காப்பது என்ற வினா எழும்போது, கடையில் விற்ற திரைப்பட நாடாவுக்கு வேறொரு பிரதி எங்கேனும் இருக்கலாம் என்பதை நினைத்தல் வேண்டும். வெருகற் கொடியேற்றத்தையோ ஈச்சிலம்பற்றுக் கலியாணத்தையோ பதித்த நாடா பெரும்பாலும் ஒன்றே. படம்பிடித்த கடைக்காரர் தம் மூலநாடாவை அழித்து அடுத்த கலியாணத்துக்குப் பயன்படுத்தியிருப்பர், என்.எச்.கே. செய்தது போலவே. எனவே தேடலை மாவட்ட நகரங்களின் பழைய ஒளிப்படக் கடைகளிலன்றி, மணமக்களின் வீட்டு அலுமாரிகளிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து. அம்மணமக்களிற் பலர் இன்று அறுபதை அண்மித்தவர்கள். நாடாவில் நடமாடுவோர் இன்னின்னார் எனப் பெயர்சொல்ல வல்லவரும் அவர்களே.