கருவேல முள்

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலேறிப் போனவர்களுள் இடார்சி ஜங்ஷனை அறியாதவர் இரார். நாக்பூரைத் தாண்டி, சாத்புரா மலைச்சரிவுகளில் ஏறி இறங்கிய களைப்போடு வண்டி அங்கே நின்று, தண்ணீர் பிடிக்க இறங்கியவர்கள் ஓடிவந்து தொத்திக்கொண்ட பிறகு புறப்பட்டால், சிறிது நேரத்தில் முன்னாளில் ஹோஷங்காபாத் எனப்பட்ட ஸ்டேஷன் வந்து போகும். அதை அடுத்து நர்மதைப் பாலம். சக்கரங்களின் ஓசை மாறியதும் பெட்டியிலுள்ள வடநாட்டுப் பயணிகள் கைகூப்பி, ஜன்னல் வழியே நதியில் காசு எறிவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட ஹோஷங் ஷாவின் பெயரைத் தாங்கியிருந்த அவ்வூர் 2022-இல் நர்மதாபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ரூபாய் நோட்டுக்குக் காகிதம் செய்யும் ஆலை அங்கே இருப்பது சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1972 முதல் 2002 வரை முப்பது ஆண்டுக் காலம் அந்த ஜில்லாவின் கிராமத்துப் பிள்ளைகள் விஞ்ஞானம் படித்த விதம் இந்த தேசத்தில் அபூர்வமாகவே காணக்கூடிய விதம் என்பதோ, ரயிலில் போகிறவர்களுள் பலரும் அறியாதது.

அக்காலத்தில் மற்ற இடங்களில் விஞ்ஞானம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைச் சொல்ல நான் நூல்களைத் தேட வேண்டியதில்லை. நான் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அறையின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் குடுவைகளும், பித்தளைத் தராசும், லாட வடிவக் காந்தமும் தூசு படிந்து கிடந்தன. பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களே என்ற அச்சத்தால் எந்த உபாத்தியாயரும் அதைத் திறந்திருக்க மாட்டார். கரும்பலகையில் குடுவையை வரைந்தோம், அதன் கீழே ‘பிராணவாயு தயாரித்தல்’ என்று எழுதினோம், பரீட்சையில் அப்படியே மீண்டும் வரைந்தோம். கோத்தாரி கமிஷன் 1966-இல் தந்த அறிக்கை, கணிதமும் விஞ்ஞானமும் முதல் பத்து ஆண்டுகளுக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயப் பாடங்களாக வேண்டும் என்று விதித்தது. விதித்தது நன்றே, ஆனால் கட்டாயமானது பெரும்பாலும் பாடப்புத்தகம்தான், அலமாரியின் பூட்டு அப்படியே இருந்தது.

ஹோஷங்காபாத்தில் அந்தப் பூட்டைத் திறக்க முற்பட்டவை இரண்டு ஸ்தாபனங்கள். ஒன்று, ஊரை ஒட்டிய ரசூலியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் பல காலமாக நடத்திவந்த கிராம சேவை மையம். மற்றொன்று, பன்கேடி வட்டாரத்தில் புதிதாகத் தோன்றிய ‘கிஷோர் பாரதி’. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அனில் சத்கோபால், அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து தொடங்கியது அது. இவர்கள் மத்தியப் பிரதேச சர்க்காரிடம் கேட்டதும், சர்க்கார் கொடுத்ததும் மிகச் சிறிய அனுமதிதான்: பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், விதிக்கப்பட்ட விஞ்ஞானப் புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு விதமாகக் கற்பித்துப் பார்க்கலாம். அவை தனியார் பள்ளிகள் அல்ல. சர்க்கார் பள்ளிகள், சர்க்கார் சம்பளம் வாங்கும் உபாத்தியாயர்கள், தரையில் உட்காரும் பிள்ளைகள். இந்த முயற்சியின் பெருமையும் பிற்காலத்துத் துன்பமும் இவ்வொரு விஷயத்திலிருந்தே பிறந்தன என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பு எப்படி நடந்தது என்று பார்ப்போம். பிள்ளைகள் நாலு நாலு பேராகப் பிரிந்து வட்டமாக உட்காருவார்கள். ‘பால் வைக்ஞானிக்’ என்று பெயரிட்ட புத்தகம், நம் மொழியில் ‘குழந்தை விஞ்ஞானி’, ஒவ்வொருவர் மடியிலும் இருக்கும். அதைப் புரட்டும் வெளியூர்க்காரர் முதலில் திகைத்துப் போவார். ஏனெனில் அதில் வரையறைகள் இல்லை, விடைகளும் இல்லை. இதைச் செய், என்ன கண்டாய், ஏன் அப்படி ஆயிற்று என்று நினைக்கிறாய் என்று கேள்விகளே வரிசையாக நிற்கும். விடையைப் பிள்ளை தன் நோட்டில், தான் கண்டபடி, தன் சொந்த ஹிந்தியில் எழுதவேண்டும். பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கும் பாடம் வந்தால், பட்டணத்துக் கல்லூரியில் அதற்கென விற்கும் பிடி போட்ட ஊசிக்கு இவர்கள் எங்கே போவது? பள்ளிக்கு வெளியே வேலியோரம் கருவேல மரம் நின்றது. அதன் நீண்ட வெள்ளை முள் ஊசியைவிடக் கூர்மை, ஒடிந்தால் இன்னொன்று, விலை ஏதுமில்லை. முள்ளின் நுனியால் சூலகத்தைக் கீறி, உள்ளே கடுகினும் சிறிய சூல்கள் அடுக்காக இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, பூ எப்படிக் காயாகிறது என்பதை யாரும் எழுதிப்போட வேண்டியதில்லை.

கிட் என்று எல்லோரும் சொன்ன சாமான் பெட்டியும் பள்ளிதோறும் இருந்தது. குறைந்தவற்றை மீண்டும் நிரப்புவதற்கு ஏற்பாடும் செய்யப்பட்டது. ஆனால் அந்தப் பெட்டியைவிட வாரச் சந்தையே பெரிய ஆய்வுக்கூடம் என்று கண்டுகொண்டவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, மோட்டார்த் தொழிற்சாலையில் என்ஜினீயராக இருந்தவர், 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். சைக்கிள் கடையில் முழக்கணக்கில் விற்கும் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினால், மடக்கக்கூடிய மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். நான்கை இணைத்தால் சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிடுகிறது, முக்கோணமோ அசையாமல் நிற்கிறது. பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் ஏன் முக்கோணமாகவே கம்பிகள் ஓடுகின்றன என்பதை, நர்மதைப் பாலத்தருகே வாழும் பிள்ளைக்கு இதைவிடச் சுருக்கமாக எந்த வடிவகணித நூல் சொல்லும்?

கணிதம் இங்கே தனிப் பாடமாக அல்லாமல் விஞ்ஞானத்தின் இடுக்குகளில் நுழைந்தது. ஒரே மேஜையின் நீளத்தைப் பத்துப் பிள்ளைகள் அளந்தால் பத்து விதமான எண்கள் வருகின்றன. நம்மில் பெரும்பாலோர் வளர்ந்த முறைப்படி, ஒன்பது பேரும் முட்டாள்கள், வாத்தியார் சொல்லும் எண்ணே சரி. ஹோஷங்காபாத் முறையிலோ அந்தப் பத்து எண்களும் கரும்பலகைக்கு வரும். எந்த எண் எத்தனை முறை வந்தது என்று தூண் தூணாகப் படம் போடுவார்கள். அளவை என்றாலே சிறு பிழை உடன்பிறந்தது என்பதும், எண்கள் ஓரிடத்தில் திரள்வதே நாம் நம்பக்கூடிய செய்தி என்பதும் அந்தப் படத்திலிருந்து தாமே விளங்கும். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பாடமும் இருந்தது. பத்து முறை சுண்டினால் ஏழு பூ விழலாம்; வகுப்பு முழுவதும் சுண்டியவற்றைக் கூட்டிப் பார்த்தால் பாதியை நெருங்கி வரும். பட்டணத்தில் மேல் வகுப்புக்குரியதாக ஒதுக்கப்பட்ட நிகழ்தகவை, பன்னிரண்டு வயதுக் குடியானவன் மகன் புழுதித் தரையில் காசு பொறுக்கிக்கொண்டே கற்றான்.

இத்தனையும் உபாத்தியாயரை விட்டுவிட்டு நடக்கக்கூடிய காரியம் அல்ல. கோடை விடுமுறையில் மூன்று வாரம் பயிற்சி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அடுத்தடுத்த வகுப்புகளுக்கான பயிற்சி. டாட்டா நிலையத்து விஞ்ஞானிகளும், பிறகு தில்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் வந்து, கிராமத்து உபாத்தியாயர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக விளங்கிய யஷ்பால் தொடக்க காலத்தில் வந்தவர்களுள் ஒருவர். இங்கே பிரசங்கம் இல்லை. உபாத்தியாயர்களும் நாலு நாலு பேராகப் பிரிந்து, பிள்ளைகள் செய்யப்போகும் பரிசோதனைகளைத் தாங்களே செய்து பார்க்கவேண்டும். இருபது வருஷம் ‘கற்பித்த’ ஒருவர் தம் கையால் முதல் முறையாக விதை முளைக்க வைத்துப் பார்க்கும்போது, அவர் கேட்கும் கேள்விக்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கும் விடை தெரியாமல் போகும். தெரியாது, செய்து பார்ப்போம் என்று பேராசிரியர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்ட உபாத்தியாயர், ஊருக்குத் திரும்பியபின் தம் மாணவனிடம் அதே வார்த்தையைக் கூச்சமின்றிச் சொல்லலாம். புத்தகத்தைக் காட்டிலும், பெட்டியைக் காட்டிலும், அந்த ஜில்லாவை மாற்றியது இந்த ஒரு சுதந்திரமே என்று நான் கருதுகிறேன்.

பயிற்சி முடிந்ததும் கைவிட்டுவிடுவதே எங்கும் சர்க்கார்ச் சம்பிரதாயம். இவர்கள் ‘அனுவர்த்தனம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் வகுப்புக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. மாதம் ஒரு முறை வட்டாரத்து உபாத்தியாயர்கள் கூடும் ‘கோஷ்டி’யும் உண்டு. அச்சொல் நம் அரசியலில் அடைந்திருக்கும் பொருளை மறந்துவிட்டு இதைப் படிக்க வேண்டும். அமிலப் பாடத்தில் என் வகுப்பில் நிறம் மாறவில்லையே, ஏன்? ஈயின் முட்டை மழைக்காலத்தில் கிடைக்கவில்லையே, பாடத்தை மாதம் மாற்றலாமா? இப்படிப்பட்ட சம்பாஷணைகளிலிருந்து வந்த திருத்தங்கள் அடுத்த பதிப்பின் அச்சுக்குப் போயின. பாடப்புத்தகம் எழுதுவதில் கிராமத்து உபாத்தியாயருக்கும் குரல் உண்டு என்பது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம்.

பிள்ளைகளின் கேள்விகளுக்கென்று ஓர் ஆசாமியே படைக்கப்பட்டான்: சவாலிராம். ‘சவால்’ என்றால் நமக்கு அறைகூவல். அச்சொல் பிறந்த பக்கத்தில் அதற்குக் கேள்வி என்றே பொருள். ஆகவே இவனைக் கேள்விராமன் என்றே நாம் அழைக்கலாம். பிள்ளைகள் புத்தகத்தில் இல்லாத சந்தேகங்களை எல்லாம் அவனுக்குக் கார்டில் எழுதிப் போடுவார்கள். அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்த பலர் கை வலிக்க வலிக்கப் பதில் எழுதினார்கள். பரீட்சையும் மாறியது. புத்தகத்தையும் தன் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். கூடவே செய்முறைப் பரீட்சை. மனப்பாடம் செய்தவனுக்கு அங்கே பிரயோஜனம் இல்லை. செய்து பார்த்து எழுதிவைத்த நோட்டே துணை.

1978-இல் இத்திட்டம் ஜில்லாவின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் இதை நடத்துவதற்கென்றே ‘ஏகலவ்யா’ என்னும் ஸ்தாபனம் தோன்றியது. குருவின் உதவியின்றிக் கற்றவன் பெயரை உபாத்தியாயர்களின் துணைக்கென ஏற்பட்ட ஸ்தாபனத்துக்குச் சூட்டியதில் ஒரு குறும்பு இருக்கிறது. பிறகு பக்கத்து ஜில்லாக்களிலும் தொடங்கி, பதினைந்து ஜில்லாக்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியது. விரிந்த இடங்களிலெல்லாம் ஹோஷங்காபாத்தின் நெருக்கம் இருந்தது என்று சொல்லமாட்டேன். பதினாறு பள்ளிகளுக்கு வந்த அனுவர்த்தனமும் ஆயிரம் பள்ளிகளுக்கு வந்த அனுவர்த்தனமும் ஒன்றாக இருத்தல் இயலாது.

முடிவு சுருக்கமாகவே வந்தது. மேல் வகுப்புப் பரீட்சைகளில் இந்த ஜில்லாப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், மற்ற ஜில்லாக்களில் உள்ள புத்தகமே எங்களுக்கும் வேண்டும் என்று உள்ளூர் அரசியல்வாதிகள் குரல் எழுப்பினர். 2002 ஜூலையில் மாநில சர்க்கார் திட்டத்தை நிறுத்தியது. விஞ்ஞானிகள் பலர் ஆட்சேபித்தும் பயனில்லை. தாய் தந்தையர் பக்கத்து நியாயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எட்டாம் வகுப்பு வரை ‘ஏன்’ என்று கேட்கப் பழகிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் வாத்தியாரிடம் போய் விழித்தால், வயலை அடகு வைத்துப் படிக்கவைக்கும் தகப்பனுக்குக் கவலை வராதா? ஆனால் குறை எந்த வகுப்பில் இருந்தது? எட்டாவதிலா, ஒன்பதாவதிலா? ஓட்டப் பந்தயத்துக்குப் பழகியவனை மூட்டை தூக்கச் சொல்லி எடை போட்டார்கள். குறைந்தான் என்று தீர்ப்பும் எழுதினார்கள். முப்பது ஆண்டு நடந்த காரியத்தை நிறுத்த ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. கோஷ்டியில் உட்கார்ந்திருந்த உபாத்தியாயர்களின் கருத்து அங்கே எடைக்கு வரவில்லை. சர்க்கார் பள்ளிக்குள் நுழைந்து செய்ததால்தான் அது ஒரு ஜில்லா முழுவதையும் தொட முடிந்தது. அதே காரணத்தால் ஒரு கையெழுத்தில் மறையவும் நேர்ந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 2005-இல், தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு வெளிவந்தது. அதன் குழுவுக்குத் தலைவர் அதே யஷ்பால். செய்து கற்றல், குழந்தையின் கேள்விக்கு மதிப்பு, மனப்பாடத்தைத் தளர்த்திய பரீட்சை என்று அதில் எழுதப்பட்டவற்றைப் படிக்கிறவர் ரசூலியாவை நினைக்காமல் இருக்கமுடியாது. அர்விந்த் குப்தாவின் தீக்குச்சி நூல்கள் பல மொழிகளுக்குச் சென்றன, தமிழுக்கும் வந்தன; நம் ஊர் சைக்கிள் கடைகளிலும் வால்வு ட்யூப் கேட்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் எத்தனை சக்கரத்துக்கு என்று கேட்க, அவர்கள் பதில் சொல்லத் தெரியாமல் சிரிப்பார்கள்.

போன முறை தில்லிக்குப் போனபோது பாலத்தின்மேல் வண்டி மெதுவாக ஊர்ந்தது. எதிர் ஸீட்டில் இருந்த அம்மாள் தம் பேரனிடம் ஒரு ரூபாய்க் காசைக் கொடுத்து எறியச் சொன்னார். பையன் எறிவதற்கு முன், வழக்கம்போல, கட்டைவிரலால் ஒரு தரம் சுண்டிப் பிடித்து, உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். “பூவா தலையா, தம்பி?” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவன் சொல்வதற்குள் பாட்டி அவசரப்படுத்தினார். காசு ஜன்னல் கம்பிகளுக்கிடையே போய் நர்மதையில் விழுந்துவிட்டது.