மெழுகு எண்ணெயாக மாறிய வரலாறும் காவிரிப் படுகையும்

கச்சா எண்ணெயிலுள்ள மெழுகை, வினையூக்கிகளின் துணையுடன் எரிபொருளாகவோ மசகு எண்ணெயாகவோ மாற்றுவது பெட்ரோலியத் தொழிலின் முக்கியமான முறைகளுள் ஒன்றாகும்.

காவிரிப் படுகையில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் 1980களில் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அதைச் சுத்திகரிக்க 1993இல் பனங்குடியில், ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுள்ள ஆலை தொடங்கப்பட்டது. ஆனால் அது எரிபொருள் ஆலை. தஞ்சை வயலில் ஓடும் டிராக்டருக்கு வேண்டிய டீசல் அங்கே கிடைத்தது. அதே டிராக்டரின் எஞ்சின் ஆயிலுக்கு வேண்டிய அடிப்படை எண்ணெய் அங்கே தயாராகவில்லை. அதே நிறுவனத்தின், 1969 முதல் இயங்கும் மணலி ஆலையில்தான் அது தயாரிக்கப்பட்டது.

மசகு எண்ணெய்க்கு மெழுகு ஏன் இடையூறு? மெழுகின் மூலக்கூறுகள் கிளையில்லாத நீண்ட சங்கிலிகள். மூங்கில் கழிகளை நெருக்கிக் கட்டுவதுபோல அவை ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு படிகமாகும். எண்ணெய் குளிரில் உறைந்து ஓடாமல் நின்றுவிடும். பழைய முறையில் எண்ணெயை மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பானுடன் கலந்து, நன்கு குளிரவைத்து, உறையும் மெழுகை வடிகட்டி எடுப்பார்கள். மணலியில் பின்பற்றப்பட்டதும் இதுவே. இப்படிப் பிரியும் மெழுகு வீணாவதில்லை. மெழுகுவத்திக்கும், தீக்குச்சி நன்றாக எரிவதற்கும் அது வேண்டும். சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்கு அது மூலப்பொருள்.

வினையூக்கி முறை வேறு வழியில் சென்றது. மொபில் நிறுவனம் உருவாக்கிய இசட்எஸ்எம்-5 என்னும் சியோலைட்டின் நுண்துளைகளுக்குள் நேர்ச்சங்கிலிகள் நுழையும். பருத்த மூலக்கூறுகள் நுழைய முடியாது. உள்ளே போன மெழுகு சிதைந்து பெட்ரோலும் வாயுவும் ஆகிவிடும். மெழுகு தொலைந்தது சரி, மசகு எண்ணெயின் அளவும் அல்லவா குறைந்தது! 1993இல் செவ்ரான் நிறுவனம் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் ஆலையில் இதற்குத் தீர்வு கண்டது. பிளாட்டினம் சேர்ந்த வினையூக்கியில், ஹைட்ரஜன் சூழலில், சங்கிலி வெட்டப்படாமல் கிளைவிட்டது. கருவேல முட்கிளைகளை நெருக்கிக் கட்ட முடியாதல்லவா? அதுபோலக் கிளைத்த மூலக்கூறுகள் எளிதில் படிகமாவதில்லை, மெழுகே எண்ணெயாகிவிடுகிறது. கந்தகமும் நைட்ரஜனும் பிளாட்டினத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். இந்தியாவில் ஹால்தியா ஆலை 2003இல் இவ்வகை முறையைக் கொண்டுவந்தது.

உறைபனியே காணாத தஞ்சைக்கு இதனால் என்ன பயன் என்று தோன்றலாம். கிளைத்த மெழுகிலிருந்து வரும் எண்ணெய் சூட்டிலும் அதிகம் நீர்த்துப்போவதில்லை. கோடை வெயிலில் நாள் முழுதும் ஓடும் பம்புசெட்டுக்குக் குளிரைவிட அந்தச் சூடுதான் சோதனை.

மெழுகிலிருந்து எரிபொருள் பெறும் கதை இன்னும் பழையது. 1925இல் ஜெர்மனியில் பிஷரும் டிராப்ஷும், நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவைத் திரவ எரிபொருளாகவும் மெழுகாகவும் மாற்றும் வழியைக் கண்டனர். மலேசியாவின் பிந்துலுவில் ஷெல் நிறுவனம் 1993இல் இயற்கை வாயுவை மெழுகாக்கி, அதை ஹைட்ரஜனுடன் வினையூக்கியில் செலுத்தி டீசலும் மண்ணெண்ணெயும் எடுத்தது. பனங்குடி ஆலை பிறந்த ஆண்டும் அதுவே. அத்தகைய ஆலைக்கு மிகப்பெரிய வாயு வயல்கள் வேண்டும். காவிரிப் படுகையின் வாயுவோ குத்தாலம், திருமாக்கோட்டை மின்நிலையங்களில் எரிந்து மின்சாரமாகிறது.

பனங்குடியில் ஆண்டுக்கு 90 இலட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவிப்பின்படி அதன் முதன்மைப் பொருள்கள் பெட்ரோல், டீசல், பாலிபுரோப்பிலீன் ஆகியவை.