கூரைக் காற்றுக்கசிவு அடைப்பு: புதுக்கோட்டை மாவட்டம்

கூரைக்கும் உள்தளத்துக்கும் நடுவே உள்ள சந்துகளை அடைத்து வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுப்பது குளிர்நாடுகளில் வழக்கம். ராயவரம், கோனாபட்டு, அரிமளம் ஊர்களின் நகரத்தார் வீடுகள் நேர்மாறானவை: உயர்ந்த கூரை, கனத்த சுண்ணாம்புச் சுவர், மேலேறும் அனலை வெளியே விடும் திறந்த முற்றம். ஆகவே ஏசி இல்லாத வீட்டில் மேல்துளைகளை அடைத்தால் புழுக்கம்தான் மிஞ்சும். தூசி வருமே என்பார்கள். அதற்குக் கம்பிவலை போதும். ஏசி அறையின் கதை வேறு. ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குக்காக வெட்டிய ஓட்டையின் ஓரத்து இடுக்கு வழியே குளிர் போய்க்கொண்டே இருக்கும். அதைச் சிலிக்கான் பசையால் அடைத்தே தீரவேண்டும். ஆனாலும் கான்கிரீட் தளம் உச்சிவெயிலில் உள்வாங்கும் சூட்டை இந்த அடைப்பு தடுக்காது. மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பும் கூரைவழி வெப்பக் கடத்தலுக்கு உச்சவரம்பு, திறக்கக்கூடிய சன்னல் பரப்புக்குக் குறைந்தபட்ச அளவு என இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதே இங்கே செலவு குறைந்த முதல் வேலை.