பாலாற்றங்கரையின் நினைவுகள்: பெயர் எழுதி வைப்போம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாங்கம் எழுதி வைக்கும். பெருநகரங்களின் வரலாற்றைப் பல்கலைக்கழகங்கள் எழுதி வைக்கும். பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத் போன்ற ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதி வைப்போர் யார்? அங்கு வாழ்வோரைத் தவிர வேறெவரும் அதற்கு முன்வரப் போவதில்லை. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நூல்களில் இல்லை. பரணில் கிடக்கும் மரப்பெட்டிகளிலும் பீரோவின் மேல்தட்டிலும் மங்கிய புகைப்படங்களாக, மஞ்சளித்த அழைப்பிதழ்களாக, மடிப்புக் கிழிந்த கடிதங்களாக அது இருக்கிறது. அவற்றைக் காப்பது குறித்து ஜமாஅத்தார்கள் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதி வைத்ததே எஞ்சியது

வாலாஜாபாத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் வழியில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் உள்ளது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1068ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றும் மாணவர் தங்கிப் பயிலும் கல்விச்சாலை ஒன்றும் நடைபெற்றதை அது தெரிவிக்கிறது. மருத்துவருக்கும் பணியாளர்களுக்கும் எவ்வளவு ஊதியம், இருப்பில் இருந்த மருந்துகள் யாவை என்றெல்லாம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அன்று அது வெறும் அன்றாடக் கணக்கு. இன்றோ தமிழக மருத்துவ வரலாற்றின் தலையாய சான்றுகளில் ஒன்று.

எழுதி வைக்கப்படாதவர்களின் நிலை வேறு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. அவ்வெற்றியின் காட்சி சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாக உள்ளது. மறு ஆண்டு அதே களத்தில் மீண்டும் போர் மூண்டது. கும்பினியின் அதிகாரிகள் இருவருக்கு அங்கே நினைவுத் தூண்கள் எழுப்பப்பட்டன. இரு தரப்பிலும் நின்று மடிந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு அத்தகைய தூண் எழுப்புவார் இல்லை. பெயர் நிலைப்பதும் மறைவதும் எழுதி வைப்போரைப் பொறுத்ததே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

வாலாஜாபாத் என்னும் பெயரே ஒரு நினைவுச் சின்னம்தான். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா (1717 - 1795) அவர்களின் பெயரால் அமைந்த ஊர் அது. இதே பாலாற்றின் மேற்பகுதியில் உள்ள வாலாஜாபேட்டையும், 1795இல் எழுந்த சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிப் படையின் தங்குமிடமாகவும் விளங்கிய இவ்வூரைப் பற்றி நவாபின் பெயரும் பட்டாளத்தின் கதையும் ஏடுகளில் உள்ளன. ஊர் மக்களின் கதை அவரவர் வீடுகளில்தான் உள்ளது.

மாறிவரும் நிலம்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையில் இன்று பயணம் செய்வோர், ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே ஏரிப்பாசன வயல்களும் பனைகளும் இருந்தன என்பதை நம்ப மாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் முதல் கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை 2010இல் தொடங்கியது. வேலைவாய்ப்பு பெருகியது, பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். அதே வேளையில், வயல் மனையாயிற்று. ஓட்டு வீடு அடுக்குமாடியாயிற்று. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய தகரப்பெட்டியும் அதிலுள்ள காகிதங்களுமே.

பழையது மட்டுமே வரலாறு என்று கருத வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள்! அங்கு பணியாற்றிய ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் அடையாள அட்டையும், தோழியருடன் எடுத்துக்கொண்ட படமும் இன்று வரலாற்றுப் பொருள்களாகிவிட்டன. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டம் 5,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தைக் கோருகிறது. அதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். திட்டம் குறித்து யாருக்கு என்ன கருத்து இருப்பினும், ஓர் ஊர் இடம்பெயர நேர்ந்தால் அதன் தெருவும் குளமும் படத்தில்தான் எஞ்சும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இழந்தோர் கூறும் பாடம்

1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். குடும்பப் படங்களும் காணி உறுதிகளும் வீடுகளிலேயே நின்றுபோயின. 2009இல் போர் முடிந்து திரும்பச் சென்றோர் பலருக்கு, தாம் அவ்வூரார் என்று காட்டுவதே பெரும்பாடாயிற்று. நமக்கு அத்தகைய துயரம் நேரவில்லை. காலம் இருக்கும்போதே காத்துக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு உண்டு.

காத்தவர்களும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா ஒரு பெயர்ப்பலகை ஓவியர். நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்து நிற்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், தமிழகத்தின் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் அழிந்துகொண்டிருந்த படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் கணினியில் பதிந்துள்ளது. சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் 1828 - 1830இல் கட்டிய நாகூர் தர்கா, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபு நிலையமாக விளங்குகிறது. முன்னோர் வாழ்ந்த விதத்தை அவர்கள்தம் சந்ததியினர் அங்கே கண்ணால் காண்கின்றனர்.

நம்மிடம் உள்ள செல்வம்

உருவப்படம் எடுப்பதைப் பேணுதலின் காரணமாகத் தவிர்த்து வாழ்ந்த பெரியோர்கள் நம்மில் பலர். அவர்கள் வீட்டில் படம் இராது. ஆயினும் வரலாறு இருக்கும். ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். மணமக்கள், தந்தையர், வலீ, சாட்சிகள் ஆகியோரின் பெயர்களும் மஹர் தொகையும் தேதியும் அதில் உள்ளன. ஊரின் உறவு முறைகளையும் அக்காலப் பொருளாதாரத்தையும் அந்த ஒரே ஏடு சொல்லிவிடும். ஹாஜிகள் பம்பாயிலிருந்து கப்பலேறிச் சென்ற காலம் 1995 வரை இருந்தது. அப்பயணச் சீட்டுகள், மதரஸா சான்றிதழ்கள், பள்ளிவாசல் கட்டட நிதி ரசீதுகள், அரபுத் தமிழிலோ உர்தூவிலோ எழுதப்பட்ட கடிதங்கள் என யாவும் பேணத்தக்கவை. அவ்வெழுத்துகளை வாசிக்கத் தெரிந்தோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

2025 ஜூன் மாதம் உமீத் இணையதளம் தொடங்கப்பட்டு, வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை அதில் பதிவேற்ற வேண்டும் என்ற சட்டத்தேவை வந்தது. பழைய காகிதத்தின் அருமையை முத்தவல்லிகள் அப்போது நேரில் உணர்ந்தனர்.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடம் பதிக்கும். லேமினேஷன் செய்வதும், பசையுள்ள ஆல்பத்தில் ஒட்டுவதும் படத்தைக் கெடுக்கும். ஈரச்சுவரும் வெயிலும் படாத இடத்தில், உறையிலிட்டு வைப்பதே நன்று. 2015 வெள்ளத்தில் நீரில் நனைந்த ஆல்பங்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த பிரதிகளைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும்.

மூலப்படம் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். ஜமாஅத்திற்குப் பிரதி போதும். பெண்களின் படங்களைக் குடும்பத்தாரின் அனுமதியின்றிப் படியெடுப்பதோ பிறருக்குக் காட்டுவதோ கூடாது. இவ்விரு நிபந்தனைகளும் முதலிலேயே உறுதி செய்யப்பட்டால்தான் மக்கள் நம்பிக்கையுடன் பெட்டியைத் திறப்பார்கள்.

யாவற்றிலும் அவசரமானது பெயர்களே. படம் இன்னும் ஐம்பதாண்டு தாங்கக்கூடும். அதில் இரண்டாவது வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். பெயர் தெரியாத படம் வெறும் காகிதமே. ஆகவே, நம் இளைஞர்கள் முதியோரின் வீடுகளிலிருந்தே இப்பணியைத் தொடங்க வேண்டுகிறோம். ஒரு மாலைப்பொழுது, ஒரு பென்சில், ஒரு கைப்பேசி, செவிமடுக்கும் பொறுமை ஆகியவை போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு மலரில் இக்கட்டுரைக்குப் பதிலாக, பெயர்களுடன் கூடிய நம்மவர்களின் படங்களும் ஆவணங்களும் இப்பக்கங்களை நிரப்பட்டும்.