பிலிப் பெயருக்குள்ள ஒரு குதிரை: ஒரு சின்ன வரலாற்று இழை

1/ உங்களுக்குத் தெரிஞ்ச பிலிப் யாராவது இருந்தா, அவர் பெயருக்கு என்ன அர்த்தம்னு கேட்டுப் பாருங்க. பல பேருக்குத் தெரியாது. கிரேக்க மொழியில் 'ஃபிலோஸ்'னா பிரியம் உள்ளவர், 'ஹிப்போஸ்'னா குதிரை. பிலிப் = குதிரைப் பிரியர். இதே 'ஹிப்போஸ்' உங்க மூளைக்குள்ளயும் இருக்கு. வாங்க, அது வரைக்கும் போய்ப் பார்ப்போம்.

2/ பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது எதுக்குக் குதிரை? கிரேக்கம் மலைப்பாங்கான நாடு. அங்க உழவுக்கு மாடு, சுமைக்குக் கழுதை. குதிரை போருக்கும் பந்தயத்துக்கும்தான். அதுக்குத் தீனி போட நிறைய நிலம் வேணும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சோலோன் ஏதென்ஸ் குடிமக்களை நிலவருமானப்படி நாலு வகுப்பா பிரிச்சார். அதில் ரெண்டாவது வகுப்புக்குப் பெயரே 'ஹிப்பேய்ஸ்', அதாவது குதிரைக்காரர்கள். ஆக, பெயர்ல குதிரை இருந்தா 'நாங்க வசதியான குடும்பம்'னு ஊருக்குச் சொன்ன மாதிரி.

3/ இதை வச்சு அரிஸ்டோஃபனீஸ் நல்லா கிண்டல் பண்ணியிருக்கார். கி.மு. 423இல் அரங்கேறிய அவருடைய 'மேகங்கள்' நாடகத்துல ஒரு கிராமத்துக்காரன், அவன் மனைவி பெரிய இடத்துப் பெண். மகனுக்குப் பெயர் வைக்கிறதுல சண்டை. அம்மாவுக்குப் பெயர்ல 'ஹிப்போஸ்' வந்தே ஆகணும். அப்பாவுக்குத் தாத்தா பெயரை ஒட்டி, சிக்கனம்னு பொருள் வர்ற 'ஃபெய்டோனிடீஸ்' வேணும். கடைசியில ரெண்டையும் ஒட்டி 'ஃபெய்டிப்பிடீஸ்'னு வச்சாங்க. பையன் வளர்ந்து என்ன பண்ணினான்? பந்தயக் குதிரை வாங்கியே அப்பாவைக் கடன்காரன் ஆக்கிட்டான்!

4/ தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் அங்கயும் உண்டு. நம்ம 'பேரன்'ங்கற சொல்லே 'பெயரன்'தானே? ஏதென்ஸை ஆண்ட பெரிக்ளீஸோட அப்பா பெயர் ஸாந்திப்போஸ், மூத்த மகன் பெயரும் ஸாந்திப்போஸ். 'ஸாந்தோஸ்'னா மஞ்சள், பொன்னிறம். பொன்னிறக் குதிரை! (சில பேருக்குக் கண் இமை ஓரத்துல மஞ்சளா கொழுப்புத் திட்டு படியும். அதை நாங்க 'ஸாந்தெலாஸ்மா'ன்னு சொல்வோம், அதே 'ஸாந்தோஸ்'தான். அப்படி இருந்தா ஒரு தடவை கொலஸ்ட்ரால் பார்த்துடுங்க.) கி.மு. 430இல் ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோய் அந்த மகனைக் கொண்டுபோச்சு. அப்புறம் பெரிக்ளீஸும் அதிலேயே இறந்தார்.

5/ எங்க தொழிலின் தந்தைன்னு சொல்ற ஹிப்போகிராட்டீஸ் பெயரைப் பிரிச்சாலும் குதிரைதான். 'கிராட்டோஸ்'னா வலிமை, ஆளுமை. குதிரையை அடக்கி ஆள்பவர்.

6/ மாசிடோனியாவுக்கு ஒரு பிலிப் அரசனா வந்தார், அலெக்சாண்டரோட அப்பா. பெயருக்கேத்த மாதிரி கி.மு. 356இல் அவர் குதிரை ஒலிம்பியாவில் ஜெயிச்சது. அதே வருஷம்தான் அலெக்சாண்டரும் பிறந்தார். அரசர் தன் பெயரையே சூட்டிய ஊர்தான் பிலிப்பி. பைபிள் படிக்கிறவங்களுக்கு 'பிலிப்பியர்' தெரியும். பல நூற்றாண்டு கழிச்சு, ஸ்பெயின்காரங்க தங்க இளவரசர் பிலிப் பெயரைக் கிழக்கே சில தீவுகளுக்கு வச்சாங்க. அதுதான் பிலிப்பைன்ஸ். ஒரு நாட்டோட பெயர்லயே குதிரை!

7/ இப்ப விலங்குகளுக்கு வருவோம். 'பொட்டமோஸ்'னா ஆறு. ஹிப்போபொட்டமஸ் = ஆற்றுக் குதிரை. எகிப்தைப் பற்றி எழுதின ஹெரொடோட்டஸ் இதுக்குக் குதிரை மாதிரி பிடரிமயிரும் வாலும் உண்டுன்னே எழுதிட்டார்! நாம அதையே 'நீர்யானை'ன்னு சொல்றோம். மரபணுவைப் பார்த்தா இதுக்கு நெருங்கின உறவு குதிரையும் இல்ல, யானையும் இல்ல. திமிங்கலம்! அவங்கவங்களுக்குப் பழகின விலங்கைச் சொல்லித்தான் புதுசுக்குப் பெயர் வைக்கிறாங்க.

8/ 1587இல் இத்தாலிய உடற்கூறியலாளர் அரான்ஸி மூளைக்குள்ள வளைஞ்சு கிடந்த ஒரு பகுதியைப் பார்த்தார். அது கடல்குதிரை மாதிரி இருக்கவே 'ஹிப்போகேம்பஸ்'னு எழுதினார். பட்டுப்புழு மாதிரியும் இருக்குன்னு ஒரு சந்தேகம் அவருக்கு. ஆனா நிலைச்சது குதிரைதான். அது என்ன வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியாது.

9/ தெரிய வந்தது ஒரு மனிதரோட இழப்பால. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு, அடங்காத வலிப்புக்காக, ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்தாங்க. அப்ப அவருக்கு வயசு 27. வலிப்பு குறைஞ்சது. தன் பெயர் தெரியும், சின்ன வயசு ஞாபகம் இருக்கு. ஆனா புதுசா எதுவும் மனசுல நிக்கல. வருஷக்கணக்கா அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அவருக்கு ஒவ்வொரு தடவையும் புது ஆள்தான். 2008இல் இறக்கும் வரைக்கும் இப்படியே வாழ்ந்தார். இன்னிக்கு நினைவாற்றல் பற்றி நாம படிக்கிறதுல பெரும்பங்கு அவர் கொடுத்தது.

10/ அல்சைமர் நோய் சீக்கிரமே தாக்கும் இடங்கள்ல இந்தக் கடல்குதிரையும் ஒண்ணு. அதனாலதான் 50 வருஷத்துக்கு முந்தின கதையைத் தெளிவா சொல்ற தாத்தா, காலையில சாப்பிட்டதை மறக்குறார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 'பழசெல்லாம் ஞாபகம் இருக்கே, அவருக்கு ஒண்ணும் இல்ல'ன்னு விட்டுடாதீங்க. வயசாச்சுன்னும் ஒதுக்காதீங்க. பி12 குறைபாடு, தைராய்டு மாதிரி சரிசெய்யக்கூடிய காரணமும் இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுங்க.

11/ ஸ்கேன் ரிப்போர்ட்ல 'ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கு'ன்னு பார்த்துட்டு, அது ஏதோ புது வியாதியோன்னு பயப்படாதீங்க. 'டாக்டர், இது என்ன வேலை செய்யற இடம்?'னு கேளுங்க. புதுசைப் பதிஞ்சு வைக்கிற இடம், கடல்குதிரை மாதிரி இருக்கும், அவ்வளவுதான் அந்தப் பெயர். பெயர் புரிஞ்சா நோய் குணமாகாது. ஆனா தாத்தா வேணும்னே அப்படிச் செய்யலங்கறது வீட்டுல இருக்கறவங்களுக்குப் புரியும். அவர் பெயரைச் சுமக்கிற பேரன் கொஞ்சம் பொறுமையா பதில் சொல்வான், பத்தாவது தடவை கேட்டாலும்.